இரண்டு அடுப்பு, ஒரு அகப்பை

அத்தியாயம் 6

கனடாவுக்கு வந்த தமிழன் முதல் வேலையாகக் குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்குவான். இரண்டாவது வேலையாகக் கிளை திறப்பான். தலைமையகத்தில் ஈ ஓட்டினாலும் பரவாயில்லை, விசிட்டிங் காட்டில் இரண்டு ஊர் இருக்கவேண்டும். ‘மங்களம் திருமண சேவை, அஜின்கோர்ட் - மிசிசாகா’ என்று பொன்னெழுத்தில் அடித்த காட்டை ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்தபடி பேபி அந்த மிசிசாகா பிளாசாவை மறுபடியும் சுற்றிவந்தாள்.

"இலக்கம் சரிதான் எட்வேட் அண்ணை. ஆனா உது நாய்க்கு மயிர் வெட்டுற கடை."

"வடிவாப் பாரும்."

"வடிவாத்தான் பாத்தன். உள்ளுக்கை ஒரு சடை நாய்க்கு றிபன் கட்டுகினம். பொம்பிளை பாக்க வருகினம் போல."

எட்வேட் கையிலிருந்த மற்றன் ரோலின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கடைக்காரப் பெண்ணோடு கதைத்துவிட்டு, கோட்டில் நாய் மயிரோடு திரும்பி வந்தார்.

"கடை துவங்கின நாளில இருந்து இஞ்சை நாய் மட்டும்தானாம். தமிழ் ஆக்கள் ஆரும் கிளை திறக்கேல்லையாம்."

நடுவில் வந்து குந்தியவர்களுக்காக ஒரு சுருக்கம். எட்வேட் கொழும்பில் இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றுக்காகப் பொய் விபத்துகளைத் தோண்டியெடுத்தவர். இப்போது ஷெப்பேட் அவெனியுவில் ஒரு சாறிக் கடைக்கு மேலே கந்தோர் வைத்துத் துப்பறிகிறார். பேபி அவருடைய உதவியாளர், சாரதி, வாய் மூன்றும். வயது முப்பத்தெட்டு. இந்த முப்பத்தெட்டு சில வருடங்களாக அசையாமல் நிற்கிறது.

பேபியின் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் பெட்டைதான் துர்க்கா. மங்களம் திருமண சேவைக்குக் கம்பியூட்டர் புறோகிராம் எழுதிக் கொடுத்தவள். அகதி வழக்கு வருகிற புதன்கிழமை விசாரணைக்கு வருகிறது. அதற்குள் மங்களத்தின் முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா அவள் தலையில் ஒரு பழியைத் தூக்கிப் போட்டுவிட்டார். ராகுலன் என்ற மாப்பிள்ளையின் சாதகத்தை மங்களம் முதலில் அச்சடித்துக் கொடுத்தபோது அது பால் போலச் சுத்தம். பெண்ணின் தாய் இராஜேஸ்வரி சந்தோஷத்தில் யூனியன்வில்லில் மண்டபமும் பிடித்துவிட்டா. போன செவ்வாய்க்கிழமை அவ இன்னொரு கொப்பி கேட்டுப் போக, அதே மாப்பிள்ளை, அதே இலக்கம், ஆனால் செவ்வாய் எட்டாம் வீட்டில் வந்து குந்தியிருந்தது. அவ கத்திய கத்தில் பிளாசாவே கூடிவிட்டது. துர்க்கா கம்பியூட்டருக்குள் புகுந்து சாதகத்தை மாற்றிவிட்டாள் என்று முதலாளி அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னார். இன்றைக்கு நாலு மணிக்கு இராஜேஸ்வரி முன்னிலையில் பொலிசைக் கூப்பிடப் போகிறார். பொலிஸ் பேப்பர் ஒன்று வந்தாலும் புதன்கிழமை வழக்கு கந்தல் என்று துர்க்காவின் வக்கீல் சொல்லிவிட்டார்.

"அந்த டேட்டாபேஸ் கதையைத் திருப்பிச் சொல்லும்," என்றார் எட்வேட், கார் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறியதும்.

"புறோகிராம் ஒண்டுதான். சாதகங்கள் ரெண்டு இடத்தில கிடக்குது. அஜின்கோர்ட் கந்தோரில ஒரு டேட்டாபேஸ், அதுக்கு வயர். மிசிசாகாக் கிளையில மற்றது, அதுக்கு ரெலிபோன். ஒரு ஆளின்ர இலக்கத்தை அடிச்சா முதல் மிசிசாகாவைக் கேக்கும். அங்கை இருந்தா அதை அச்சடிக்கும். இல்லாட்டி அஜின்கோர்ட்டில இருக்கிறதை அடிக்கும்."

"ஏன் மிசிசாகா முதல்?"

"முதலாளி அப்பிடித்தான் எழுதச் சொன்னவராம். அங்கைதான் திருத்தின கொப்பி இருக்காம்."

"ரெண்டு கனெக்சனை வச்சுக்கொண்டு ஒரு புறோகிராம் கலங்காதோ?"

"அதுதான் அவளின்ர கெட்டித்தனம். ஒவ்வொரு கனெக்சனுக்கும் பேர் வச்சு, தனித்தனியாத் திறந்து, வேலை முடிய மூடிப்போடுவாளாம். வெள்ளிக்கிழமை சமையல் மாதிரி அண்ணை. ஒரு அடுப்பில பிள்ளையளுக்கு மீன் குழம்பு, மற்ற அடுப்பில விரதக்காரருக்குப் பருப்பு. அகப்பை ரெண்டு வேணும். ஒரே அகப்பையை ரெண்டுக்கையும் விட்டா விரதம் போச்சு."

"நீர் விரதத்தைப் பற்றிக் கதைக்கிறீர். இப்பதான் ரெண்டு ரோல் சாப்பிட்டனீர்."

"கிறிஸ்தவர் வாங்கித் தந்தா பாவம் அரைவாசி அண்ணை."

எட்வேட் சிரிக்கவில்லை. "மிசிசாகாவில அடுப்பே இல்லை. பேந்து மீன் குழம்பு எங்கை கொதிக்குது?"

பேபி அக்சிலேற்றரை மிதித்தாள். நேற்று இரவு துர்க்கா சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் குந்தியிருந்தது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. வாடகை தருகிற பெட்டை என்றுதான் பேபி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

மங்களம் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்தது. அந்தப் படியில் பேபி முன்பும் ஒருதரம் ஏறியிருக்கிறாள், அது வேறு விசயமாக. வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும், ஏனென்றால் உள்ளே சாமி அறை இருக்கிறது. முன் அறையில் துர்க்காவின் மேசை, அதன்மேல் கம்பியூட்டரும் மோடமும். அதற்குப் பின்னால் பிளாஸ்ரிக் மாவிலை கட்டிய ஒரு கதவு, மணி தொங்கியது. கதவுக்குள்ளிருந்து பக்திப் பாட்டுக் கசெற் உரத்துப் பாடிக்கொண்டிருந்தது.

ஸ்ரீஸ்கந்தராசா மூன்று குறித் திருநீறும் கழுத்தில் டையுமாக வந்தார். பேபியைப் பார்த்து, "எங்கையோ கண்ட முகம்," என்றார். பேபி அவசரமாகச் சுவரிலிருந்த சோடிப் படங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

"மிசிசாகாக் கிளைக்குப் போனனாங்கள் அண்ணை," என்றார் எட்வேட்.

"அது போன மாசம் இடம் மாறிப்போச்சு. இப்ப பார்ட்னர் வீட்டு பேஸ்மென்ரில ஓடுது. மிசிசாகாவுக்குள்ளதான்."

"ரெலிபோன் நம்பர்?"

"பிஸ்னஸ் ரகசியம். நானே மோடத்துக்குள்ள பதிஞ்சு வச்சிருக்கிறன். உந்தப் பெட்டைக்கே தெரியாது. அப்பிடியிருந்தும் பூந்து மாத்திப்போட்டாள்."

"நான் ஒண்டும் மாத்தேல்லை அங்கிள்," என்றாள் துர்க்கா. அவளை மேசையடியில் இருத்தி, விசைப்பலகையில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். கண் வீங்கியிருந்தது.

குளிர்க் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்த இராஜேஸ்வரி ஆரம்பித்தா. "எனக்கு அந்தக் கதையெல்லாம் தேவையில்லை. என்ர மகள் லக்சிகாவின்ர கலியாணத்தைக் குழப்பினவளைப் பொலிஸ் கொண்டு போகவேணும். அண்டைக்கு உவரைக் கேப்பம் எண்டா உவரும் கன நேரமா வெளியில வரேல்லை. உள்ளுக்கை பூசையாம். பூசைக்கு நடுவில, லண்டனில மழையோ எண்டு கேட்டது மட்டும் என்ர காதில விழுந்துது."

"புது மந்திரம் போல," என்று பேபி முணுமுணுத்தாள்.

எட்வேட் மட்டும் தலையை ஒருமுறை ஆட்டினார். பிறகு துர்க்காவின் பக்கம் திரும்பி, "பிள்ளை, மிசிசாகாவை ஒருக்காக் கூப்பிடும்," என்றார்.

"அவள் தொடக்கூடாது," என்றார் முதலாளி.

"பொலிஸ் வந்தாலும் முதல் உதைத்தான் கேப்பினம் அண்ணை. பக்கத்தில நிண்டு பாருங்கோ."

துர்க்கா ஒரு விசையைத் தட்டினாள். மோடம் கடகடவென்று இலக்கங்களை அடித்தது, கீச்சிட்டது, கரகரத்தது, இணைப்புக் கிடைத்தது. எல்லாம் ஒழுங்குதான். ஆனால் பேபிக்கு ஏதோ இடறியது, சோற்றில் கல் கடிபட்டது போல.

ரொறன்ரோத் தமிழருக்கு ரெலிபோன் காது என்று ஒன்று தனியாக முளைத்திருக்கிறது. ஊருக்குக் கதைக்கவேண்டுமென்றால் போன் காட்டின் நம்பர், அதன் இரகசிய நம்பர், நாட்டு நம்பர், வீட்டு நம்பர் என்று விரல் தேய அடிக்கவேண்டும். நடுவில் ஒன்று தவறினால் மறுபடியும் முதலில் இருந்து. பேபி வாரா வாரம் கொழும்பிலுள்ள தமக்கைக்கு அடித்து அடித்து, பீப் சத்தத்தைக் கேட்டே எத்தனை இலக்கம் போனது என்று சொல்லிவிடுவாள்.

"இன்னொருக்கா அடி பிள்ளை," என்றாள். துர்க்கா அடித்தாள்.

"ஏழு," என்றாள் பேபி.

"என்ன ஏழு?" என்றார் முதலாளி.

"மிசிசாகாவுக்கு 905 போடாமல் கோல் போகாது. எல்லாமாப் பத்து இலக்கம். உது ஏழோட எடுத்துப்போட்டுது. ஏழு எண்டா எங்கட 416க்குள்ளதான். உங்கட பார்ட்னர் வீடு ரொறன்ரோக்குள்ள வந்திட்டுதோ?"

"மோடம் கெதியா அடிக்கும் தங்கச்சி. உங்களுக்கு எண்ணத் தெரியேல்லை."

"எனக்கு என்ர வயதைத்தான் எண்ணத் தெரியாது. மற்றதெல்லாம் எண்ணுவன்."

முதலாளியின் கை டையைத் தடவியது. எட்வேட் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல பாட்டு. இந்தப் பக்கம் முடியட்டும்."

பேபிக்குப் பதறியது. சுவர் மணிக்கூடு நாலை நெருங்கிக்கொண்டிருக்க, இந்த மனிதர் பஜனைக்கு வந்தவர் போலத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி சாமி அறைப் பக்கம் ஒரு அடி வைத்தார். எட்வேட் கண்ணைத் திறக்காமலே அவர் கையைப் பிடித்து, "இருங்கோ அண்ணை, கும்பகோணத்திலயோ உந்த கசெற் வாங்கினது?" என்று கேட்டு, பிடித்த கையை விடாமல் வைத்திருந்தார்.

"பிள்ளை, உம்மட மோடத்தின்ர சத்தத்தை நிப்பாட்ட ஏலுமோ?"

"ஏலும் அங்கிள். நிப்பாட்டிட்டன்."

பாட்டு முடிந்தது. கசெற் டக் என்று நின்றது. அறையில் சத்தமே இல்லை.

"இப்ப மிசிசாகாவைக் கூப்பிடும்."

துர்க்கா விசையைத் தட்டினாள். மேசையிலிருந்த மோடம் ஊமையாகக் கண்ணைச் சிமிட்டியது. பிளாஸ்ரிக் மாவிலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரெலிபோன் மணி அடித்தது. அதைத் தொடர்ந்து கீச்சென்றும் கரகரவென்றும் ஒரு சத்தம்.

"அது பக்கத்துக் கடை," என்றார் முதலாளி.

"இல்லை, பிள்ளையார் ஃபக்ஸ் அனுப்புறார்," என்றாள் பேபி.

எட்வேட் எழுந்து கதவடிக்குப் போனார். ஸ்ரீஸ்கந்தராசா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். "இது சாமி அறை. வெள்ளிக்கிழமை. மச்சம் மாமிசம் சாப்பிட்டவை உள்ளுக்கை வரக்கூடாது. உங்கட சேட்டிலையே ரோல்ஸ் தூள் கிடக்குது."

எட்வேட் சட்டையைக் குனிந்து பார்த்தார். தூள் இருக்கத்தான் செய்தது. அவர் உண்மையாகவே நின்றுவிட்டார். பேபிக்குத் தன் வயிற்றிலிருந்த இரண்டு ரோலின் மேலும் ஆத்திரம் வந்தது. இந்த வாசலில் ஒரு ரோலுக்குத் தோற்றுப்போக வேண்டியதா? முதலாளி சிரித்தார், இடுப்பிலிருந்த செல்போனை எடுத்தார். "நேரமாகுது, நான் பொலிசுக்கு அடிக்கிறன்."

"அடியுங்கோ," என்றார் எட்வேட். "இராஜேஸ்வரி அக்கா, நீங்கள் இண்டைக்கு விரதமோ?"

"நான் வெள்ளிக்கு வெள்ளி விரதம்," என்று இராஜேஸ்வரி நிமிர்ந்து இருந்தா. "தண்ணி கூட இன்னும் குடிக்கேல்லை."

"அப்ப நீங்கள் உள்ளுக்கை போய்க் கும்பிடலாம். துர்க்கா, நீர்?"

"நானும் இண்டைக்கு மச்சம் தொடேல்லை அங்கிள்."

விரதக்காரியைச் சாமி அறைக்குப் போகாதே என்று சொல்ல எந்தச் சாத்திரத்திலும் இடமில்லை. ஸ்ரீஸ்கந்தராசா செல்போன் பிடித்த கையை இறக்கினார். இராஜேஸ்வரி அவரை ஒதுக்கிக்கொண்டு கதவைத் தள்ளினா. மணி அடித்தது.

பிள்ளையார் படத்துக்குக் கீழே, குத்துவிளக்குக்கும் கசெற் பிளேயருக்கும் நடுவில் ஒரு கம்பியூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு. மோடத்துக்கு ஒரு செவ்வந்திப்பூ. பக்கத்தில் ஒரு ரெலிபோன். துர்க்காவின் மேசையிலிருந்து பத்தடி தூரம் இருக்காது. அந்தப் பத்தடிக்கு ஒரு வயரை இழுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்று, இரண்டு ரெலிபோன் லைன் எடுத்து, மிசிசாகாவைச் சாமி அறையில் குடிவைத்திருந்தார் மனிதர்.

துர்க்காவும் உள்ளே போய், நிலத்தில் குந்தி அந்தக் கம்பியூட்டரின் விசைகளைத் தட்டினாள். "ராகுலன் இருக்கிறார் அங்கிள். செவ்வாய் மூண்டில. சுத்தம்."

"அஜின்கோர்ட்டில எட்டில," என்றார் எட்வேட் வாசற்படியில் நின்றபடியே. "அதுதான் அவையின்ர குடும்பம் குடுத்தது. இஞ்சை இருக்கிறது அண்ணை கழுவி வச்சது. பிள்ளை, மிசிசாகா லைன் கிடைக்காட்டி உம்மட புறோகிராம் என்ன செய்யும்?"

"பேசாம அஜின்கோர்ட்டில தேடி அச்சடிக்கும் அங்கிள். சனம் காத்துக்கொண்டு நிக்கக்கூடாதெண்டு நான்தான் எழுதினனான்."

"செவ்வாய்க்கிழமை லைன் கிடைக்கேல்லை. ஏனெண்டா அந்த லைனில அண்ணை லண்டனில மழையோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்."

ஸ்ரீஸ்கந்தராசா கதவு நிலையில் சாய்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "நான் ஊருக்கு நல்லதுதான் செய்தனான். எத்தினை பிள்ளையள் உந்தச் செவ்வாயால வீட்டோட கிடக்குதுகள். தாய் தேப்பன் வந்து கையைப் பிடிச்சு அழுகினம். நான் என்ன செய்ய?"

"அதுக்கு இந்தப் பிள்ளையின்ர கழுத்தைத்தானோ வெட்டவேணும்?" பேபி கேட்டாள். அதில் பகிடி ஒன்றும் இருக்கவில்லை.

இராஜேஸ்வரி முதலாளியின் கையிலிருந்த செல்போனைப் பறித்தா. "உவரைத்தான் பொலிசில குடுக்கவேணும்."

"குடுங்கோ அக்கா," என்றார் எட்வேட். "அதுக்கு முதல் துர்க்கா லக்சிகாவின்ர சாதகத்தையும் ரெண்டு பக்கமும் பாக்கட்டும்."

"அது தேவையில்லை." பதில் அவ்வளவு கெதியாக வந்தது.

"உள்ளுக்கை போன உடனை நீங்கள் பிள்ளையாரைப் பாக்கேல்லை அக்கா. கும்பிடவுமில்லை. திரையில பேரைத் தேடினீங்கள். கண் போன பக்கத்தை நான் பாத்தனான்."

துர்க்கா ஏற்கனவே அடித்துவிட்டாள். "இஞ்சை செவ்வாய் மூண்டில," என்றாள். எழுந்து முன் அறைக்கு வந்து தன் மேசையில் அஜின்கோர்ட் டேட்டாபேசை மட்டும் திறந்து இன்னொருமுறை அடித்தாள். "இஞ்சை எட்டில."

இராஜேஸ்வரி செல்போனை மெதுவாகக் கீழே வைத்தா.

பேபிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். செவ்வாய்க்காரிக்குச் செவ்வாய்க்காரன்தான் பொருத்தம் என்று தமிழ்க் கலண்டர் பார்க்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். இருவருக்கும் இருந்தால் குற்றமே இல்லை.

"ஐயோ அக்கா, உங்கட பொய்யும் அவையின்ர பொய்யும் பொருந்தியிருக்கு. உங்கட மெய்யும் அவையின்ர மெய்யும் அதைவிட வடிவாப் பொருந்தியிருக்கு. உங்கட பொய்க்குள்ள அவையின்ர மெய்யை விட்டுக் கிண்டினபடியாத்தான் கலியாணம் குழம்பினது. ரெண்டு அடுப்பு, ஒரு அகப்பை."

ஒருவரும் சிரிக்கவில்லை. "இது வெளியில போகக்கூடாது," என்றா இராஜேஸ்வரி, யாரையும் பார்க்காமல்.

"ஆர் சொல்லப்போறது அக்கா," என்ற ஸ்ரீஸ்கந்தராசா உயிர் திரும்பியவராகத் துர்க்கா பக்கம் திரும்பினார். "பிள்ளை, நடந்ததை மறந்திடு. பொலிசும் இல்லை, ஒண்டும் இல்லை. உள்ளுக்கை கிடக்கிற டேட்டாபேசை இப்பவே அழிச்சுவிடு."

துர்க்கா சாமி அறைக்குள் போனாள். விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு ஃபிளொப்பி முனகுகிற சத்தம். வெளியே வந்து தன் மேசைக் கம்பியூட்டரிலும் அதையே செய்தாள். பேபி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுப் படிக்கட்டில் குந்தியிருந்த பெட்டையை அங்கே காணவில்லை.

"அழிக்கேல்லை அங்கிள்," என்றாள் துர்க்கா. இரண்டு ஃபிளொப்பிகளையும் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள். "ரெண்டு பக்கமும் இதுக்குள்ள இருக்கு, எல்லாற்ற சாதகமும். புதன்கிழமை என்ர கேஸ் நல்லபடியா முடியட்டும். பேந்து நானே அழிக்கிறன்."

"பிள்ளை..."

"என்னைக் கள்ளி எண்டு சொன்னனீங்கள். ஆரார் கேட்டவையோ, எல்லாருக்கும் இண்டைக்கே போன் எடுத்து இல்லையெண்டு சொல்லுங்கோ. உள்ளுக்கை இருக்கிற லைனிலயே கதையுங்கோ. மிசிசாகாவுக்கு இனி அது தேவைப்படாது."

மூவரும் படியிறங்கினார்கள். மேலே ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் ரெலிபோனில் யாரிடமோ இழுத்து இழுத்துக் கதைப்பது கேட்டது. எட்வேட் முன் சீட்டில் ஏறினார், துர்க்கா பின்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பேபி சாவியைப் போட்டாள், ஆனால் திருப்பவில்லை.

"என்ன, வாய் மூடிக் கிடக்குது?" என்றார் எட்வேட். "ஏழு எண்டு கண்டுபிடிச்சது நீர். பெருமை அடிக்கலாம்."

பேபி கண்ணாடியில் துர்க்காவைப் பார்த்தாள். "பிள்ளை, உந்த ஃபிளொப்பியில... எல்லாரும் இருக்கினமோ? மங்களத்தில எப்பவாவது ஒருக்காப் பதிஞ்ச ஆக்களும்?"

"ஓம் அக்கா. ரெண்டு பக்கமும்." துர்க்கா அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தாள். "ஆனா நான் ஒருத்தற்ற வயதையும் பாக்கேல்லை."

பேபி சாவியைத் திருப்பினாள். "புதன்கிழமை உன்னை நான்தான் கூட்டிக்கொண்டு போவன். விசாரணை முடியும்வரைக்கும் வாசலில நிப்பன். கந்தசாமி கோயிலுக்கு நேர்த்தியும் வச்சிருக்கிறன்."

"ஏன் திடீரெண்டு இவ்வளவு அக்கறை?" என்றார் எட்வேட்.

"நீங்கள் சீற் பெல்ட்டைப் போடுங்கோ அண்ணை," என்றாள் பேபி.